பிஸ்கட் பாக்கெட்டும் முன்பணமும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமல்லவா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வாலிபர்களோடு சேர்ந்து வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய் பிஸ்கட், சோப்பு கொடுக்கிறீர்கள், கூடவே சுவிசேஷம் அச்சிட்ட ஒரு கைப்பிரதி. போன மாதம் ஒடிசாக்காரப் பையன் ஒருவன் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அரைகுறைத் தமிழில், "இதுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான். உங்களுக்குப் பதில் வரவில்லை. சேவை செய்தால் மட்டும் போதுமா, சுவிசேஷம் சொல்லியே ஆக வேண்டுமா, சேவை செய்துவிட்டுச் சொன்னால் அது தூண்டில் ஆகிவிடாதா என்று கேட்கிறீர்கள்.

நான் சபை நடத்துகிற ஐயரும் (பாதிரியாரும்) இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவளும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்ற நர்ஸ். எனக்குத் தெரிந்ததை அந்த இடத்திலிருந்துதான் சொல்ல முடியும்.

அந்தப் பையனுக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது, "ஒண்ணும் செய்ய வேண்டாம்." அவ்வளவுதான். பின்னால் "ஆனால்" என்று ஒரு வால் இல்லாமல். அதைச் சொல்ல வாய் வராததற்கு பாஷை காரணம் இல்லை. சபையிலிருந்து கிளம்பும்போதே உங்கள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை அவன் கண்டுவிட்டான்.

அவன் கண்டதில் ஆச்சரியம் இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று அவசரத்துக்கு ஓனரிடம் வாங்குவார்கள். கொடுக்கும்போது ஓனர் நல்ல மனிதர்தான், சிரித்த முகம்தான். ஆனால் வாங்கின கை அந்தத் தறியை விட்டு நகர முடியாது. கடன் தீரும்வரை, தீராவிட்டால் மகன் காலம்வரை. ஒடிசாவிலும் இதே ஏற்பாடு உண்டு, 'தாதன்' என்று பேர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த பையன் சிரித்த முகத்தோடு யாராவது எதையாவது நீட்டினால் அடுத்து என்ன கேட்பார்கள் என்றுதான் பார்ப்பான். உங்கள் பிஸ்கட்டையும் அவன் முன்பணமாகத்தான் பார்த்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கைப்பிரதியைப் பிஸ்கட்டோடு சேர்த்து ஒரே ரப்பர் பேண்டில் போட்டுக் கட்டியது நாம்தானே.

தூண்டில் என்று நீங்கள் எழுதியதால் ஒன்று சொல்கிறேன். "மனுஷரைப் பிடிக்கிறவர்கள்" என்று ஆண்டவர் இயேசு மீனவச் சீஷர்களிடம் சொன்னதை வைத்து நம் ஆட்கள் பிரசங்கத்தில் நிறையத் தூண்டில் போடுவார்கள். கலிலேயாக் கடலில் அந்த மீனவர்கள் வீசியது வலை. வலைக்கு இரை கிடையாது. சுவிசேஷங்களில் தூண்டில் வருவது ஒரே இடம், மத்தேயு 17, பேதுருவைத் தூண்டில் போடச் சொன்னார். அதுவும் வரிப்பணம் கட்டுவதற்கு! ஆத்தும ஆதாயத்துக்கு, அதாவது ஆளை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதற்கு, இல்லை.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். சேவையா, சுவிசேஷமா என்று இரண்டாகப் பிரித்ததே நம் பாஷை செய்த வேலையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க பாஷை பேசிய விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை, முறுமுறுப்பு. நம் தமிழ் வேதத்தில் சாப்பாட்டு வேலை "அன்றாட விசாரணை". வசனம் போதிப்பது "ஊழியம்". கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், டியாக்கோனியா. பந்தியில் இலைக்கு இலை நடந்து பரிமாறுகிறவன் செய்கிற வேலைக்கு வழங்கிய சொல் அது. மொழிபெயர்த்தவர்கள் மேல் குறை சொல்லவில்லை, வாசிக்க அதுதான் தெளிவாக இருக்கிறது. ஆனால் நம் காதில் ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த 'ஊழியம்' என்ற சொல்லின் கதையும் வேடிக்கை. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலைக்குத்தான் ஊழியம் என்று பேர். மூட்டை சுமப்பது, விறகு வெட்டுவது, அந்த மாதிரி. அந்தச் சொல்லை எடுத்துத்தான் நாம் கர்த்தருடைய வேலைக்கு வைத்துக்கொண்டோம். அருமையான தேர்வு, "அடிமையின் ரூபமெடுத்து" என்று பிலிப்பியர் 2 சொல்வதற்குச் சரியாகப் பொருந்தும். இப்போது என்ன ஆயிற்று? "ஊழியக்காரர் வருகிறார்" என்றால் மேடையில் நடு நாற்காலி, சால்வை, தனி கார். அரசு ஊழியரையும் தேவ ஊழியரையும் இரண்டு தடவை அலையாமல் பார்க்க முடிவதில்லை.

பந்தி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சாப்பாட்டு வேலைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் பிலிப்பு. புதிய ஏற்பாடு முழுவதும் தேடிப் பாருங்கள், "சுவிசேஷகன்" என்ற பட்டத்தோடு பேர் சொல்லப்பட்ட ஒரே ஆள் இவர்தான், அப்போஸ்தலர் 21இல். தீமோத்தேயுவைச் சுவிசேஷகனுடைய வேலையைச் செய் என்று பவுல் சொல்கிறார், அது வேறு. பட்டம் பந்தி பரிமாறியவருக்குத்தான் கிடைத்தது.

எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. நம் கொங்கு நாட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பரிமாறுகிறவன் கண் இலையில் இருக்க வேண்டும். யாருக்கு ரசம் வேண்டும், யார் கை மறித்தார்கள், எந்தக் குழந்தை அப்பளத்துக்கு அழுகிறது, எந்தப் பெரியவர் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் பார்க்க வேண்டும். கேட்காதவன் இலையில் கொட்டிவிட்டுப் போகிறவனை யாரும் இரண்டாம் பந்திக்குக் கூப்பிட மாட்டார்கள். பிலிப்பு அந்தப் பழக்கத்தோடுதான், வேதத்தை வாசித்துக்கொண்டே ரதத்தில் போன எத்தியோப்பிய மந்திரியிடம் போகிறார். ரதத்தோடு ஓடுகிறார், அந்த ஆள் என்ன வாசிக்கிறான் என்று காது கொடுக்கிறார், "வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று ஒரு கேள்வி கேட்கிறார். அவன் ஏறி உட்காரச் சொன்ன பிறகுதான் ஏறுகிறார், அவன் கேட்ட பிறகுதான் பேசுகிறார். பேசியது இயேசுவைப் பற்றித்தான், அதில் வெட்கம் எதுவும் படவில்லை. ஆனால் முதலில் இலையைப் பார்த்தார்.

இனி யோவான் 13, ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவின இடம். பெரிய வியாழன் அன்று சபைகளில் பாதம் கழுவும் ஆராதனை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்காருவார்கள். எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் அடித்த கால்கள். ஐயர் அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். முதல் நாள் ராத்திரி படிக்கல்லை வைத்துக் குதிகாலைத் தேய்த்த தேய்ப்பில் தோலே உரிந்துவிட்டது.

அந்த அதிகாரத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது தண்ணீரைவிடத் துண்டு. "ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" என்று இருக்கிறது. கொங்கு கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் இடுப்புத் துண்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நிலத்துச் சொந்தக்காரரான பண்ணாடி எதிரே வந்தால், ஒடுக்கப்பட்ட சாதியான மாதாரியார் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். எங்கள் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது. டீக்கடையில் தனி டம்ளர் இருந்ததும் அதே காலம், சில இடத்தில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. ஆண்டவர் அன்றைக்குத் துண்டை இடுப்பில் கட்டியதை இந்த மண்ணில் நின்று வாசித்தால், பணிவு என்ற நல்ல குணம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. யாருடைய இடத்தில் போய் நின்றார் என்பது தெரியும். என் கால்களை நீர் கழுவக் கூடாது என்று பேதுரு ஏன் பதறினான் என்பதும் தெரியும்.

தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசுடைய கால்களையும் கழுவினார், கவனித்தீர்களா? என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே கழுவினார். அந்த ஆள் அப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். "இத்தனை செய்தேனே" என்று ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் சபையில் யாராவது சேவையின் பலனைக் கணக்குக் கேட்டால், எத்தனை பேர் கை தூக்கினார்கள், எத்தனை பேர் ஜெபக்கூட்டத்துக்கு வந்தார்கள் என்று கேட்டால், இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

1980களின் தொடக்கத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் இருந்தேன். காங்கேயம் பக்கத்துப் பண்ணாடி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வாரத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். வார்டு ஆயா மாதாரிச்சி. அவர் கையால் பண்ணாடி தண்ணீர் வாங்க மாட்டார், மாத்திரை டம்ளரை நான்தான் கொடுக்க வேண்டும். பெட்பேன் வைப்பதும் எடுப்பதும் துடைப்பதும் மட்டும் ஆயா செய்யலாம். இந்த ஏற்பாடு எனக்கு வசதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நைட் டூட்டியில் அவர் படுக்கையை நனைத்துவிட்டார். நான் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, "ஏய், இங்க வா, வந்து சுத்தம் பண்ணு" என்று கூப்பிட்டேன். என் அம்மா வயசு அவருக்கு.

வந்தார், செய்தார். படுக்கை விரிப்பை மாற்றி, முதுகில் ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, அந்த மனிதர் திட்டிக்கொண்டே இருந்ததைக் காதில் வாங்காமல் போர்த்திவிட்டுப் போனார். விடிகாலை நாலு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "ஏனுங் சிஸ்டரு, அந்தப் பண்ணாடி என்னைய வாடி போடின்னு கூப்புடறது அவரு வளந்த வளப்புங்க. நீங்க காலைல ஜெபத்துல எல்லாரும் சகோதரின்னு படிக்கறீங்க. உங்க வாயிலயும் எனக்கு ஒரு 'ங்க' வரமாட்டேங்குதுங்ளே."

நம் பேச்சில் அந்த 'ங்க' எவ்வளவு மலிவு என்று உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பஸ் கண்டக்டர் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் 'ங்க' போடுவார். வெளியூர்க்காரர்கள் கொங்குத் தமிழின் மரியாதையைப் புகழ்ந்து தள்ளுவார்கள். அந்த மரியாதை எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அன்று காலையிலிருந்து அவருக்கு 'ங்க' போடப் பார்த்தேன். நம்புங்கள், ஒரு மாதம் ஆயிற்று நாக்கு பழக. எழுதிக் கொடுத்தால் படித்துவிடுவேன், அவசரத்தில் பழைய வார்த்தைதான் வரும்.

பண்ணாடி மனம் மாறினாரா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. வண்டி வந்தது, ஏறிப் போனார், ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயா எத்தனை ஆத்துமாக்களை ஆதாயப்படுத்தினார் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே ஆள், நான். ஞானஸ்நானம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த ஆள்.

சாதி விஷயத்தில் சபை முழுக்கச் சுத்தம் என்று நான் சொன்னால் அந்தப் பையன்கூட நம்ப மாட்டான். இது இன்று நேற்றுச் சிக்கலும் இல்லை. அவிநாசி ரோட்டில் போகும்போது கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். கத்தோலிக்கர்களுக்கு இந்தப் பக்கத்தில் மிகப் பழைய இடங்களில் ஒன்று. நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரிதான், ஆனாலும் இந்தக் கதையை விடமுடியாது. மெல்கியோர் தெ மாரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1842இல் புதுச்சேரிக்கு வந்து, பிறகு கோயம்புத்தூர்ப் பகுதிக்குப் பொறுப்பேற்று, இந்தக் கருமத்தம்பட்டியில் இருந்தபடி ஆயராக வேலை பார்த்தார். உள்ளூர்க்காரர்களைக் குருக்களாக்கி, சபையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெளிநாட்டார் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாதி வழக்கங்களில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று குருக்களுக்குள்ளேயே ஓயாத தகராறு. தன் மனசாட்சிக்கு ஒப்பாமல் அந்தப் பதவியில் தொடர முடியாது என்று 1855இல் ஆயர் பொறுப்பை விட்டார். ஊருக்குப் போய் ஓய்வெடுக்கவில்லை. 1856இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மிஷன் சபையைத் தொடங்கினார், 1859இல் சியரா லியோனில் போய் இறங்கினார், ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். எத்தனை பேரை ஞானஸ்நானம் பண்ணினார் என்று பார்த்தால் அந்த ஆறு வாரத்துக்குக் கணக்கே வராது. அவர் தொடங்கிய சபை இன்னும் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

ஈரோட்டில் பிரப் ரோடு இருக்கிறதே, ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் தினமும் சொல்கிற பேர், அது லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆஸ்திரேலியக்காரர் ஆண்டனி வாட்சன் பிரப்புடைய பேர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் ஒரு வகையில் சரிதான். அதே ஈரோட்டில் வேலை பார்த்த எச். ஏ. பாப்லி எனக்கு இன்னும் பிடித்தவர். பிரசங்கம் பண்ண வந்த வெள்ளைக்காரர், உட்கார்ந்து கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். இந்திய இசையைப் பற்றி 1921இல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதுகிற அளவுக்குக் கற்றார். திருக்குறளில் இருந்து தெரிந்தெடுத்து மொழிபெயர்த்தார். கற்ற சங்கீதத்தை வைத்துத்தான் பாட்டும் கதையுமாக ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னார். கற்றுக்கொள்ளும்போது தாளம் தப்பியிருக்கும், ஆசிரியரிடம் திட்டு வாங்கியிருப்பார். சொல்ல வந்தவன் முதலில் மாணவனாக உட்காருவது ஆயாவின் பெட்பேனுக்குக் குறைந்த ஊழியம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி லோடு ஏற்றப் போகிறவர்களுக்கு அங்குள்ள கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி தெரியும். 1955இல் டாக்டர் ஏ. கே. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் முதலியவர்கள் கேரளத்திலிருந்து வந்து சின்ன அளவில் தொடங்கியது. பெரிய நகரத்தில் பிராக்டீஸ் பண்ணியிருக்கலாம், சந்தைக்கடை ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு போதும், அதைப் பற்றி எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் மற்றப் பாதி. "அப்படியானால் பேசவே வேண்டாம், நல்லது செய்துகொண்டு போவோம், நம் வாழ்க்கையே பிரசங்கம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம். வாயைத் திறக்காமல் இருப்பது எப்போதும் தாழ்மையால் வருவதில்லை, பல நேரம் மரியாதை போய்விடுமோ என்ற பயத்தால் வருகிறது. கம்பெனியில் எல்லாரும் "நல்ல பையன்" என்கிறார்கள், இயேசு என்று சொன்னால் முகம் மாறுமே என்று. அதுவும் அகங்காரம்தான், அமைதியான அகங்காரம். "என் வாழ்க்கையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் யோசியுங்கள்! என் வாழ்க்கையைப் பார்த்தால், "ஏய் இங்க வா" என்றதையும் சேர்த்துத்தானே பார்ப்பார்கள். பவுல் சொல்வது வேறு: "நாங்கள் எங்களையே பிரசங்கியாமல், கிறிஸ்து இயேசுவைக் கர்த்தரென்றும், எங்களையோ இயேசுவினிமித்தம் உங்கள் ஊழியக்காரரென்றும் பிரசங்கிக்கிறோம்." தன்னைக் காட்ட முடியாத ஆள்தான் வேறொருவரைக் காட்ட வேண்டியிருக்கிறது.

எப்போது பேசுவது? பேதுரு எழுதியிருக்கிறார், "உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள், "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று. கேட்கிறவர்களுக்கு. கேட்க வைக்கிற மாதிரி வாழ்ந்தால் கேட்பார்கள், கொஞ்சம் காலம் ஆகும். தெருமுனைப் பிரசங்கம் தப்பு என்று சொல்லவில்லை, எங்கள் தாத்தா காலத்தில் சந்தையில் நின்று பேசித்தான் எங்கள் குடும்பமே வந்தது. ஆனால் எட்டுப் பேர் ஷிப்ட் மாற்றித் தூங்குகிற லைன் வீட்டுக்கு முன்னால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தவன் தலைமாட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைக் பிடிப்பது எந்த வகைச் சுவிசேஷம்? அவனுக்கு அந்த நேரத்தில் நற்செய்தி என்றால் தூக்கம்தான்.

சட்டத்தைப் பற்றியும் உங்களில் சிலருக்குப் பயம் இருக்கும். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் அரசே கைவிட்டது. என்னைக் கேட்டால், அந்தச் சட்டங்கள் பயந்த "ஆசை காட்டுதல்" என்பதைச் சட்டத்துக்கு முன்னாலேயே ஆண்டவர் தடுத்துவிட்டார், "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று. 1876 பஞ்சத்தில் சேலம், கோவைப் பக்கம் ஜனங்கள் செத்து விழுந்தபோது மிஷனெரிகள் கஞ்சி ஊற்றினார்கள், அனாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அதனோடு சேர்ந்தே "அரிசிக் கிறிஸ்தவர்" என்ற ஏச்சும் இருக்கிறது. சிலர் வயிற்றுக்காக வந்திருப்பார்கள், மறுக்கவில்லை, பசித்தவன் வேறு எதற்காக வருவான்? ஆனால் 1950க்குப் பிறகு கணக்கு தலைகீழ். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும், தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்கு மாற வேண்டும். பிள்ளையின் படிப்பு, அரசாங்க வேலை எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு இழந்து வருகிறவரைப் பார்த்து யாராவது அரிசி என்றால் எனக்குக் கோபம் வரும்.

போட்டோ விஷயம். உங்கள் சபைக் குழுவின் வாட்ஸ்ஆப் படத்தை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். ஏழு பேர் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், நடுவில் அந்தப் பையன் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று மத்தேயு 6 சொல்கிறது, உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்று மத்தேயு 5 சொல்கிறது, இரண்டும் முட்டுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் வெகுநாள் குழம்பினேன். அந்தப் படத்தைப் பார்த்தபோது கொஞ்சம் தெளிந்தது. பார்க்கிறவர்கள் பிதாவை மகிமைப்படுத்துவார்களா, இல்லை பேனரில் இருக்கிற சபையின் பேரையா? அந்தப் படத்தை முடிந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவன் அம்மா ஊரில் போனில் பார்த்தால் என்ன நினைப்பாள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. நம் சேவை எல்லாம் கொடுப்பதாகவே இருக்கிறது. கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கும். ஆண்டவர் சமாரிய ஸ்திரீயிடம் பேச்சைத் தொடங்கியது எதையும் கொடுத்து இல்லை, "தாகத்துக்குத் தா" என்று கேட்டு. அவள் பாத்திரத்தில், அவள் கையால். யூதர் சமாரியரோடு புழங்க மாட்டார்கள் என்று யோவான் அங்கேயே எழுதியிருக்கிறார். நம் ஊரில் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பார்கள் என்ற கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கிணற்றடியில் நடந்தது நன்றாகவே விளங்கும். சீஷர்கள் எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பும்போதும் அதேதான்: பையும் பணமும் வேண்டாம், போகிற வீட்டில் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்று லூக்கா 10இல் சொல்லி அனுப்பினார். சாப்பாடு மூட்டை கட்டிக்கொடுத்து அனுப்பவில்லை.

அதனால் வருகிற ஞாயிறு பிஸ்கட் வேண்டாம், கைப்பிரதியும் வேண்டாம், ஏழு பேரும் வேண்டாம். நீங்கள் ஒருவர் மட்டும் வெறுங்கையோடு போங்கள். முன்கூட்டியே அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், "உங்க ஊர்ச் சாப்பாடு ஒரு நாள் எனக்குப் போடுங்க" என்று. அந்த 'ங்க'வை விட்டுவிடாதீர்கள், அவனுக்கு அது புரியாவிட்டாலும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கேட்கும். ஒடிசாக்காரர்கள் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்துச் சாப்பிடுவார்கள், பகாளா என்று பேர், நம் பழைய சோற்றுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கூட உருளைக்கிழங்கு மசியலோ சின்ன வெங்காயமோ இருக்கும். இருக்கிறது ஒரே தட்டாக இருந்தால் அவன் சாப்பிட்ட பிறகு நீங்கள் அதிலேயே சாப்பிடுங்கள். அவன் பேர் என்ன, எந்த ஜில்லா, தங்கச்சி படிக்கிறாளா, ஏஜென்ட்டிடம் எவ்வளவு வாங்கினான் என்று கேளுங்கள். நீங்கள் யார், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று அவன் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். எழுந்திருக்கும்போது தட்டை நீங்கள் எடுத்துக் கழுவுங்கள். அவன் தடுப்பான், பேதுருவும் தடுத்தான்.